ஒன்பது ஒண்ணு × ஒன்பது ஒண்ணு, கடைசியில எப்படி 300 வருது?

திண்ணைவாசி:
111111111-ஐ அதாலயே பெருக்கினா 12345678987654321, எந்தப் பக்கம் இருந்து படிச்சாலும் ஒண்ணுதான்னு பொண்ணுகிட்ட பெருமையா சொல்லிட்டு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டுக் காட்டினா அது 12345678987654300ன்னு நிக்குது. மானம் போச்சு. எதுங்க சரி? அப்புறம் பத்து ஒண்ணு வச்சு பேப்பர்ல பெருக்கினா அந்த அழகே கெட்டுப்போகுதே, அது ஏன்?

பைனரி பாண்டி:
நீங்க சொன்னதுதான் சரி. ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கம் வரைக்கும்தான் காட்டும், உங்களோடது 17 இலக்கம், மிச்சத்துக்கு சைபர் போட்டு ரொப்பிடுச்சு. ஜாவாஸ்கிரிப்ட்ங்கற புரோகிராம் மொழியில போட்டா இன்னும் தமாஷ், கடைசி 21க்கு பதிலா 20ன்னு வரும். 9007199254740992-ஐ தாண்டினா அதால ஒத்தைப்படை எண்ணை வச்சுக்கவே முடியாது. பைதான்னு இன்னொரு மொழி இருக்கு, அதுல போடுங்க, முழுசா வரும்.

கூட்டல்கழித்தல்:
ரெண்டாவது கேள்விக்கு வரேன். பேப்பர்ல பெருக்கும்போது ஒவ்வொரு வரியையும் ஒரு இடம் தள்ளித் தள்ளி எழுதுறோம்ல, அதனால வலது ஓரத்துல ஒரே ஒரு 1, அதுக்குப் பக்கத்துல ரெண்டு 1, அப்படியே ஏறி நடுவுல ஒன்பது 1 சேரும், அப்புறம் அதே மாதிரி இறங்கும். எந்த இடத்துலயும் ஒன்பதை தாண்டாததால கையில எதுவும் மிஞ்சாது, பாலிண்ட்ரோம், அதாவது எந்தப் பக்கம் படிச்சாலும் ஒண்ணா இருக்கற எண், அப்படியே நிக்கும். பத்து ஒண்ணுன்னா நடுவுல பத்து சேருது, 0 போட்டு கையில 1, பக்கத்து 9-ம் பத்தாகி அங்கயும் 0, அதுக்கடுத்த 8 ஒன்பதாகுது. 1234567900987654321, கதை முடிஞ்சது. இதெல்லாம் நாம பத்தடிமானத்துல, அதாவது பத்து சேர்ந்தா அடுத்த இடத்துக்கு 1 போற முறையில, எழுதுறதால வர்ற தொல்லைதான், பதினாறு சேர்ந்தாதான் 1 போற பதினாறடிமானத்துல எழுதினா பதினஞ்சு ஒண்ணு வரைக்கும் தாங்கும்.

அரைக்கணக்கு:
அப்போ 12345678987654321 பகா எண்ணா?

கூட்டல்கழித்தல்:
வர்க்க எண் எப்படிங்க பகா எண் ஆகும் 😄 111111111 = 9 × 37 × 333667. அதை வர்க்கம் பண்ணினா 3 நாலு தடவை, 37 ரெண்டு, 333667 ரெண்டு. மொத்தம் 45 வகுத்திகள். நடு 9-ஐ எடுத்துட்டு 1234567887654321ன்னு எழுதினா அது கண்டிப்பா 11-ல வகுபடும், ஏன்னா இலக்கங்களோட எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கற பாலிண்ட்ரோம்ல ஒவ்வொரு இலக்கமும் ஒருதடவை ஒத்தை இடத்துலயும் ஒருதடவை இரட்டை இடத்துலயும் வரும், கழிச்சா சைபர். அந்த வகையில பகா எண்ணுன்னா 11 ஒண்ணே ஒண்ணுதான்.

பைனரி பாண்டி:
பெரிய பாலிண்ட்ரோம் பகா எண் வேணும்னா பெல்ஃபெகார்ங்கற நரகத்துப் பேயோட பேர்ல ஒரு எண் இருக்கு. 1, பதிமூணு சைபர், 666, திரும்ப பதிமூணு சைபர், 1. மொத்தம் 31 இலக்கம். கண்டுபிடிச்சது ஹார்வி டப்னர், அந்த நரகத்துப் பேரை வச்சது கிளிஃபோர்ட் பிக்கோவர். பைபிள்ல மிருகத்தோட எண்ணா வர்ற 666ஐ பார்த்தா வேற என்ன பேரு தோணும்.

திண்ணைவாசி:
பைதான்ல காட்டிட்டேன், ஒத்துக்கிட்டா. ஆனா இப்போ நடுவுல 9 ரெண்டு தடவை வரணுமாம் 🤦

கூட்டல்கழித்தல்:
ஒன்பது ஒண்ணை பத்து ஒண்ணால பெருக்கச் சொல்லுங்க. 123456789987654321.