கானா பயணம்: ஊசி போடாமல் ஏஜென்ட் தரும் அட்டை போதுமா?

சங்ககிரி ரிக்: ஆழ்துளைக் கிணறு வேலைக்குக் கானா போகிறேன். இன்னும் 15 நாளில் விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சென்னைவரை அலைய வேண்டாம், ஊசி போட்டதற்கான சான்றிதழ் அட்டையை மட்டும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

ஓமலூரான்: தாராளமாக வாங்குங்கள் தம்பி. ஆப்பிரிக்காவில் பல ஆண்டு ரிக் (ஆழ்துளை போடும் வண்டி) ஓட்டியவன் நான். விமான நிலையத்தில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். நல்ல உடம்பில் எதற்கு ஊசி? காமாலை வந்தால் கீழாநெல்லி இருக்கிறது.

ஏற்காட்டுச் செவிலி: ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கீழாநெல்லிப் பேச்சைத்தான் விட முடியவில்லை. மஞ்சள் காய்ச்சல் கொசுக்கடியால் பரவும் வைரஸ் நோய். முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, வாயிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 7 முதல் 10 நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஊசி உண்டு. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதியும் 2016 ஜூலையோடு போய்விட்டது. ரிக் நிற்கப்போவது காட்டோரக் கிராமங்களில். அங்கே அட்டையைக் காட்டினால் கொசு விலகிப் போகுமா?

ஓமலூரான்: என் மைத்துனருக்கு வயது 63. அவருக்கு ஊசி போட மருத்துவரே தயங்கினார். அவ்வளவு நல்ல ஊசி என்றால் தயக்கம் ஏன்?

ஏற்காட்டுச் செவிலி: தயங்கியது சரிதான். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் அது. அறுபதைத் தாண்டியவர்கள் முதல்முறையாகப் போட்டுக்கொண்டால் அரிதாகக் கடுமையான பின்விளைவு வரலாம். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் யோசித்துத்தான் முடிவெடுப்பார்கள். மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் முடிவு. கேட்ட தம்பிக்கு என்ன வயது?

சங்ககிரி ரிக்: 29. ஒவ்வாமை எதுவும் இல்லை.

அம்மாபேட்டைத் தறி: என் கோபம் வேறு. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைத் தரும் அதே கொசு, எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டிகளில் வளர்கிறது. நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவரை 6 நாள்வரை தனிமைப்படுத்துவது அதனால்தான். பொய் அட்டை அந்தத் தடையையும் தாண்டி வந்துவிடும். அதன் பிறகு அவதிப்படப்போவது எங்கள் பிள்ளைகள்.

ஓமலூரான்: இதுவரை அப்படி வரவில்லையே! போகவர இரண்டு நாள் கூலி போகிறது, ரயில் செலவு வேறு. அதை யார் தருவார்கள்? ஆளெடுக்கும் ஏஜென்டை விட்டுவிட்டுத் தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்கிறீர்கள்.

ஏற்காட்டுச் செவிலி: அதில் நான் உங்கள் பக்கம். அட்டைக்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் ஊசிச் செலவை ஏற்கட்டும். தம்பி, ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். முன்பதிவு விவரம் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு இந்த வாரமே சென்னை கிண்டியில் இந்த ஊசி போடும் கிங் நிலையத்துக்குப் போய்விடுங்கள். இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அதற்கு மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள்.

ஓமலூரான்: ஊசிக்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மலேரியா மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி. அந்தக் காய்ச்சலில் நடுங்கியவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.