'ரெஸ்ட்ரெயின்ட்': தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1

நண்பர்களே, வணக்கம்.

முதியோரையும் மனநோயாளிகளையும் பார்த்துக்கொள்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். முப்பது பக்கம் தடையில்லாமல் ஓடிவிட்டு, 'ரெஸ்ட்ரெயின்ட்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன்.

கையேடு அந்தச் சொல்லுக்குள் நான்கைச் சேர்க்கிறது: ஆளைக் கையால் இறுகப் பிடிப்பது, பட்டையால் கட்டிலோடு கட்டுவது, நோய்க்காக அல்லாமல் ஆள் அடங்கிக் கிடப்பதற்காகவே மருந்து கொடுப்பது, அறையில் வைத்துப் பூட்டுவது. 'கட்டுப்பாடு' என்று எழுதினால் சர்க்கரைக் கட்டுப்பாடு போல நல்ல விஷயமாகிவிடுகிறது. 'தடை' ஏற்கெனவே பல வேலை பார்க்கும் சொல். மின்தடை என்றால் பாடநூலில் ஒன்று, விளக்கு அணைந்த வீட்டில் இன்னொன்று. 'கட்டிவைத்தல்' மருந்துக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு பத்தியில் ஹிண்டர், இம்பீட், அப்ஸ்ட்ரக்ட், ப்ரிவென்ட் என்ற ஆங்கில வினைகள் நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'தடு' என்று போட மனம் வரவில்லை. உதவுங்கள்.

மடல் 2

தம்பி, 'தளை' இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? ரெஸ்ட்ரெயின் என்பதன் லத்தீன் வேர் பின்னுக்கு இழுத்து இறுக்குவது. நம் தளையும் அதுவே. யாப்பில் சீரைச் சீரோடு பிணைப்பது தளை, கைதியின் காலில் பூட்டுவதும் தளை. பிடித்தளை, பட்டைத்தளை, மருந்துத்தளை, அறைத்தளை. நான்கும் முடிந்தன.

மற்றவற்றையும் வேரிலிருந்து பாருங்கள். இம்பீட் என்பதற்குள் லத்தீனின் 'கால்' இருக்கிறது: காலைக் கட்டுவது. அந்தக் காலை அவிழ்த்துவிட்டால் எக்ஸ்பெடைட், விரைவுபடுத்துவது. அப்ஸ்ட்ரக்ட், எதிரே ஒன்றைக் கட்டி எழுப்புவது, நமக்கு வழிமறிப்பு. ஹிண்டர், 'பின்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வருவது, பின்னடையச் செய்தல். ப்ரிவென்ட் என்றால் முன்னால் வருதல். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்ற 435ஆம் குறளே அதற்கு மொழிபெயர்ப்பு. டிட்டர், அச்சுறுத்தி விலக்குவது, டெரரின் உடன்பிறப்பு.

லெட் என்பதை யாரும் மறக்க வேண்டாம். இன்று அதற்கு 'விடு' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே ஒலியில் 'தடு' என்ற பொருளில் வேறொரு வினை இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் வாசகத்தில் 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று அது இன்னும் உயிரோடிருக்கிறது. விடுவதும் தடுப்பதும் ஒரே உருவில்!

இன்ஹிபிஷன், அதாவது மனத்துக்குள் எழும் தயக்கம், வந்தால் 'அழுங்கல்' என்று எழுதுங்கள். 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே' என்பது தொல்காப்பியக் கற்பியல். பிரிந்து போகக் கிளம்பியவன் தயங்கி நிற்கிறான்; யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

மடல் 3

ஐயா, அழுங்கல் அழகுதான். ஆனால் கையேட்டைப் படிப்பவர் இரவுப் பணியில் இருக்கும் உதவியாளர். அவருக்கு அது 'அழுகல்' என்றுதான் கண்ணில் படும்.

இலக்கணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒருவர் கோபத்தை விழுங்கிக்கொண்டால் அதுவும் ரெஸ்ட்ரெயின்ட், அவரைக் கட்டிப்போட்டால் அதுவும் ரெஸ்ட்ரெயின்ட். தமிழ் இதைத் தன்வினை, பிறவினை என்று பிரித்துவிடுகிறது: அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, முடங்கு, முடக்கு. 'சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்' என்ற குறளில் வெளிக்காவல் ஒன்று, நிறை, அதாவது மனவுறுதி, என்ற உள்காவல் ஒன்று. நமக்கு வேண்டியது பிறவினைச் சொல். 'அடக்கம்' கூடாது, மருத்துவமனையில் அதற்கு வேறு பொருள். 'முடக்கம்' என்றால் முடக்குவாதம் என்று நினைப்பார்கள். பூட்டிய அறைக்கு மட்டும் 'செறிப்பு' எடுக்கலாம். அகப்பாடல்களில் தலைவியை வீட்டுக்குள் வைப்பது இற்செறிப்புதானே.

மடல் 4

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். இந்தச் சொல்லை என் கையால் செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணிக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு பெரியவர் மூச்சுக்குழாயைப் பிடுங்கப் போகிறார். மணிக்கட்டில் பஞ்சு வைத்த பட்டையைச் சுற்றுகிறோம். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் கட்டக் கூடாது, சட்டத்தில்தான் கட்ட வேண்டும். அப்புறம் விரல் நீலம் பாய்கிறதா, குளிர்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். காலையில் மகள் வந்து அந்தக் கையைப் பார்க்கிறாள். அவளிடம் நான் சொல்வது, "அப்பா டியூப்பைப் பிடுங்கிடுறார்மா, கையைக் கட்டியிருக்கோம்." அவள் அழுகிறாள். அழட்டும், நடந்தது அதுதான். அங்கே 'தளை' என்றால் அவளுக்கு எட்டாது. 'பாதுகாப்புக் கட்டு' என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியாது. பல நேரம் அது நோயாளியின் பாதுகாப்புக்காக இல்லை, ஆள் பற்றாக்குறைக்காக. செய்ததை மூடி மறைக்கும் சொல் வந்துவிட்டால் கட்டுகிற கை கூசாது.

'அசையவிடாமல் தடுத்தல்' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் நான்குக்கும் பொருந்தும். ஒருவரை என்ன செய்கிறோம் என்பதும் அதில் இருக்கிறது.

மடல் 5

எல்லோருக்கும் நன்றி. நாளை வியாழன்.

ஒவ்வோர் இயலிலும் முதல் முறை 'அசையவிடாமல் தடுத்தல்', பிறகு சுருக்கமாக 'அசைவுத் தடுப்பு' என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் இதற்குச் சரி என்றிருக்கிறீர்கள். பூட்டிய அறைக்கு 'அறையில் அடைத்தல்'. 'செறிப்பு' எனக்குப் பிடித்திருந்தும் துணிவு வரவில்லை. ஹிண்டர் முதல் ப்ரிவென்ட் வரையான நான்குக்கும் முறையே இடைஞ்சல் செய்தல், நடமாட்டத்தைக் குறைத்தல், வழிமறித்தல், வராமல் தடுத்தல். 'கால்கட்டு' போட ஆசைதான், கல்யாணம் என்று படித்துவிடுவார்கள்.

மடல் 6

நான் உடன்படவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். 'தடுப்பு' என்றதும் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். இறுக்கம், பட்டை, தோல் எதுவும் அதில் இல்லை. செவிலியர் அம்மா சொன்ன மணிக்கட்டை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது தளைதான்.