டோர்ச்சின் வால் சுவிச் யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்?

என் டோர்ச் மூன்று வாரமாக நம்ப முடியாததாகிவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கியது. கனமான அலுமினிய உடல், ஒற்றை 18650 லிதியம் பற்றரி, வால் பக்கத்தில் அழுத்தும் சுவிச்.

குறைந்த வெளிச்சத்தில் ஒழுங்காக எரிகிறது. முழு வெளிச்சத்துக்கு மாற்றினால் ஓரிரு நிமிடத்தில் மினுங்கி அணைந்துவிடும். சைக்கிள் குலுங்கினாலும் அப்படித்தான். மாரி மழையில் ஒருநாள் நன்றாக நனைந்தது. அதன் பிறகுதான் இந்தக் கோளாறு.

பற்றரியை அளந்தேன், 4.1 வோல்ட் காட்டியது. வேறு பற்றரியும் போட்டுப் பார்த்தேன். மரைகளையும் சுருளையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். கடைசியாக வால் மூடியைக் கழற்றி, பற்றரியின் எதிர்முனையையும் உடலின் விளிம்பையும் கம்பியால் இணைத்தேன். பத்து நிமிடம் அசையாமல் எரிந்தது! ஆகவே பழுது சுவிச்சில்தான். நகரத்தில் மூன்று கடைகளில் கேட்டேன். புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். ஒரு சிறு உறுப்புக்காக நல்ல பொருளை எறிய எனக்கு மனமில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து கொக்குவிலில் விளக்கில்லாத ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறேன். நாய்கள் துரத்தும். போன மாதம் ஒருவன் பின்தொடர்ந்தபோது முகத்துக்கு நேரே முழு வெளிச்சத்தை அடித்தேன். கண் கூசி நின்றுவிட்டான், நான் வீடு சேர்ந்தேன். அந்த வெளிச்சம் எனக்கு வேண்டும்.

20 மில்லிமீற்றர் விட்டமுள்ள இந்த வால் சுவிச்சை யாழ்ப்பாணத்தில் யார் மாற்றித் தருவார்கள்?