துப்பறி விளையாட்டு: ‘இனிக் குற்றஞ்சாட்டலாம்’ என்ற கட்டத்துக்கு ஒரு சொல்

கல்முனையிலிருந்து:
க்ளூடோ (கொன்றது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று அட்டைகளைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) விதித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தரம் 9 மாணவர்க்கு. ஆள் 6, ஆயுதம் 6, அறை 9, சேர்க்கை 324. விடையான 3 அட்டை, வகைக்கு ஒன்று, உறைக்குள் போக, மூவர் ஆடினால் ஆளுக்கு 6. கையில் வகைக்கு இரண்டு வந்தால் 4×4×7, மிச்சம் 112. அதை எதுவரை குறைத்தபின் குற்றஞ்சாட்டலாம்? அந்தக் கட்டத்துக்குச் சொல் வேண்டும். வரைவில் ‘குற்றச்சாட்டு வாசல்’ என்று கிடக்கிறது, எனக்கே பிடிக்கவில்லை.

ஆரையம்பதியிலிருந்து:
வாசல் வேண்டாம் சேர், பிள்ளை கதவைத் தேடும். ‘தேறுநிலை’ என்று வையுங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது. குறள் 509 பாருங்கள்: தேர்ந்தபின் தேறுக. தேர்தல் ஆராய்தல், தேறுதல் ஐயம் நீங்கித் தெளிதல். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்த வழிதான். சங்கப்பாட்டின் தேறல், தெளிந்த கள். கண்ணகி பாண்டியனைத் ‘தேரா மன்னா’ என்றாளே, சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது கொலைக்குப் பிறகுதானே தெரிந்தது! வைகாசியில் கண்ணகியைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடுகிற ஊர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
கொட்டை நல்லம் ஐயா, கள்ளை விடுங்க, தரம் 9. ‘தேறு’ என்றால் பிள்ளைக்குச் சோதினை பாஸ். நம்மட பேச்சில் ‘சோறு காணும்’ என்றால் போதும் என்று அர்த்தம். ‘காணுமளவு’ வைப்பம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் ‘காணுமளவு’ ‘கண்ணுக்கெட்டிய தூரம்’ ஆகிவிடும். அளவையியலிலும் இடிக்கிறது: காண்டல் (நேரே பார்த்தறிதல்) வேறு, கருதல் (ஊகித்தறிதல்) வேறு. இந்த விளையாட்டில் நேரே காணும் அட்டை கொஞ்சம், மிச்சமெல்லாம் கருதல். பிழை விடுவதும் அங்கேதான். ஒருவர் கேட்ட மூன்றில் எதையும் எவரும் காட்டவில்லை என்றால், மூன்றும் உறைக்குள் என்று பாய்வார்கள். கேட்டவர் தன் கையிலுள்ளதையும் கலந்து கேட்டிருக்கலாம். வேறொருவருக்கு அட்டை காட்டப்பட்டால் ‘மூன்றில் ஒன்றாவது காட்டியவரிடம்’ என்று மட்டும் குறிக்கவேண்டும். பிறகு அதில் இரண்டு வேறிடத்தில் என்று தெரிந்தால் மூன்றாவது அவருடையது. சொல் எதுவானாலும் இதைத் தாளில் போடுங்கள்.

மருதமுனையிலிருந்து:
சான்று ஒருபக்கம், துணிவு ஒருபக்கம். இரண்டையும் குழப்பவேண்டாம். 2 சேர்க்கை மிச்சமென்றால் பாதிக்குப் பாதி. பிழையாகச் சொன்னால் ஆட்டம் போச்சு. மற்றவர் கேட்க அட்டை காட்டுவதே வேலை. அடுத்தவர் தன் முறையிலேயே சொல்லிவிடுவார் என்று பட்டால் அந்த 2-இல் துணிவதுதான் சரி. மற்ற இருவருக்கும் இன்னும் 10 மிச்சமென்றால் பொறுக்கவேண்டும். சான்று அதே, எல்லைதான் மாறுகிறது. ஆகவே ‘துணிபெல்லை’, துணிந்து சொல்லும் எல்லை.

ஆரையம்பதியிலிருந்து:
துணிதல் வெட்டுப்படுதலும்தான், கட்டுகிற துணியும் அதில் வந்தது. ஆனால் ஆராயாமலும் துணியலாம், தேற முடியாது.

கல்முனையிலிருந்து:
மூவர் துணிபெல்லைக்கு, ஒருவர் தேறுநிலைக்கு. அக்கரைப்பற்றுக்காரர் காணுமளவை விடமாட்டார். துணிபெல்லையே போகட்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சான்று காணும் கட்டம்’ என்று போடுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அடைப்புக்குள் வந்ததே காணும். ஒரு கேள்வி: எல்லையைத் தாண்டினால் பிழை என்றுதான் பிள்ளைக்குப் படும். இங்கே தாண்டினால்தான் சரி. இதுக்கு என்ன வினை போடப்போறீங்க, தொடுதலா, தாண்டுதலா?