பொருள்: சீனித் தொலைக்கண்காணிப்பு – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை:
முகாம் துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. புயத்தின் பின்பக்கம் ஒட்டும் சென்சார் சில நிமிடத்துக்கொரு தரம் சீனியை அளந்து, புளூடூத்தில் போனுக்கு அனுப்பும். போன் இணையத்தில் ஏற்றும். டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார். இந்த முறையை ‘குருதிச் சர்க்கரைத் தொலைக்கண்காணிப்பு’ எனலாமா?

அம்பாசமுத்திரம்:
‘குருதி’யே பொருந்தாது ஐயா. சென்சார் இழை நிற்பது தோலடித் திசுநீரில், ரத்தத்தில் அல்ல. ரத்தத்தில் சீனி சடாரென இறங்கினால் அங்கே தெரியப் பத்து நிமிடம்கூடப் பிந்தலாம். கை நடுங்கி வியர்க்கிறது, திரையோ 85 என்று சரியான அளவையே காட்டுகிறது என்றால் விரலில் குத்தி ஸ்டிரிப்பில் பார்க்கணும். கையைக் கழுவிவிட்டுத்தான் குத்தணும்; பதநீர்ப் பிசுக்கோடு குத்தினால் கூடுதலாகக் காட்டும்.

தென்காசி:
தொலைபேசியில் ஒற்று மிகவில்லை, தொலைக்காட்சியில் மிகுந்தது. ஒற்றுப் போடாமல் ‘தொலை’யை வினைத்தொகையாக்கினால் தொலைந்துபோன கண்காணிப்பு ஆகிவிடும், ஆகவே ‘க்’ இருக்கட்டும். ‘சர்க்கரை’ எதற்கு? ‘நீரிழிவு’ இருக்கிறதே. இதில் இழிவு என்பது தாழ்வு அல்ல. அருவி இழிகிறது என்கிறோமே, அந்த இழிதல்.

நாங்குநேரி:
அண்ணாச்சி, அருவி உங்க ஊரில் இழியட்டும். இங்கே ‘சீனி’ என்றால்தான் விளங்கும். ‘கண்காணிப்பு’ என்றால் போலீஸ் நினைப்புதான் வரும். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அந்தக் கண்காணிதான். ‘போன்வழிச் சீனிப் பார்வை’ என்று போடுங்கள்.

தென்காசி:
போன் கலைச்சொல்லா? கைப்பேசி. ‘ப்’ உண்டு.

அம்பாசமுத்திரம்:
‘ப்’ கிடக்கட்டும். ‘கண்காணிப்பு’ என்றதும் ராத்திரி ரெண்டு மணிக்கும் டாக்டர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துவிடுவார்கள். அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சீனி 70-க்குக் கீழே போனால் வீட்டில் இன்னொருவர் போனிலும் அலாரம் அடிக்கும்படி இணைக்கணும். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் செயலி முடங்கி, அலாரமே வராமல் போகலாம். ஒட்டிய கையை அமுக்கிப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இவற்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பாளையங்கோட்டை:
போட்டாச்சு. தலைப்பு ‘சீனித் தொலைக்கண்காணிப்பு’. கீழே ‘ராத்திரி அலாரத்தை வீட்டார்தான் கவனிக்கணும்’. தென்காசி அரைமனதோடு சம்மதம்.

நாங்குநேரி:
நான் சம்மதிக்கவில்லை. எதைப் போட்டாலும் முகாமில் ‘சுகர் மிஷின்’ என்றுதான் கேட்கப்போகிறார்கள்.