ஆங்கில்சி தீவில் நான்கு இரவு: கார் இல்லாமல் முடியுமா?

தென்றல்:
வேல்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆங்கில்சிக்கு (வேல்ஷ்காரர்களுக்கு அனிஸ் மோன்) மே கடைசி வாரம் நான்கு இரவு போகிறோம். பெரியவர்கள் நால்வர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. லண்டன் யூஸ்டனிலிருந்து ரயில். போமாரிஸ் கோட்டை, கடற்பறவைகள், லாந்துவின் தீவு, கற்காலக் கல்லறை, இவ்வளவும் பார்க்க வேண்டும். ரயில் ஹோலிஹெட் வரை போவதால் அங்கேயே தங்கலாமா? கார் அவசியமா?

தண்டவாளம்:
ஹோலிஹெட் வேண்டாம். டப்ளின் கப்பல் பிடிப்பவர்களுக்கு அது வசதியான ஊர். உங்கள் பட்டியலில் கடற்பறவைகள் இருக்கும் சவுத் ஸ்டாக் பாறை மட்டும்தான் அதற்குப் பக்கம், மற்றவை எல்லாம் தீவின் தென்கிழக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்பே பாங்கரில் இறங்கி, மெனாய் பிரிட்ஜ் ஊரிலோ போமாரிஸிலோ தங்குங்கள். இரண்டுக்கும் பாங்கரிலிருந்து பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மே கடைசி வாரம் பள்ளிகளுக்குப் பருவ நடு விடுமுறை, திங்கள் அரசு விடுமுறை. கடற்கரை வீடுகளை அப்போது பெரும்பாலும் முழு வாரத்துக்குத்தான் தருவார்கள். தேதியை மாற்ற முடிந்தால் மே மாத நடுவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். வாடகையும் குறையும், பறவைகளும் அதேபோல் இருக்கும்.

தீவுக்குள் இருக்கும் சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தில் நின்று கை காட்டினால்தான் ரயில் நிற்கும். இறங்க வேண்டுமென்றால் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 58 எழுத்துப் பெயர்ப்பலகைக்காக எல்லோரும் இறங்கும் லான்வைர்புல்லில் பிளாட்பாரத்தின் நீளம் மிகக் குறைவு. எந்தக் கதவு திறக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே 19ஆம் நூற்றாண்டில் பயணிகளை இழுக்க நீட்டியதுதான். போட்டோவுக்குப் பத்து நிமிஷம் போதும்.

ஏற்றவற்றம்:
இந்தத் தீவில் கடிகாரத்தைவிட ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) முக்கியம். லாந்துவின் உண்மையில் ஒரு முனை. சாதாரண நாளில் மணல் வழியாக நடந்தே போய்விடலாம், பெரிய ஏற்றத்தின்போது மட்டும் கொஞ்ச நேரம் துண்டாகும். அபெர்ஃப்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் புனித குவைவன் கோயில் அப்படியில்லை. குட்டிப் பாறைத்தீவின் மேல் இருப்பதால் ஏற்றம் வந்தாலே அதற்குப் போகும் கல்பாதை மூழ்கிவிடும். அலை அரித்துக் கல்லறைகள் கடலில் விழ ஆரம்பித்த பிறகுதான் சுற்றிலும் மதில் கட்டினார்கள்.

வீட்டுக் காலண்டரை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஓரிரு நாளில் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். இந்தக் கரையில் அந்த நாட்களில் உச்ச நீர் பகல் 11 முதல் 1 மணிக்குள் வரும், அதாவது எல்லோரும் கிளம்பிப் போகும் நேரத்தில். அந்த நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள். இது திட்டம் போட மட்டும். கிளம்பும் முன் ஹோலிஹெட் ஓத அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும்.

லாந்துவினுக்கு நியூபரோ காட்டின் நடுவே இருக்கும் பார்க்கிங்தான் வாசல். வெயில் அடிக்கும் விடுமுறை நாளில் அது சீக்கிரம் நிரம்பி, வண்டிகள் ஊர்வரை வரிசை கட்டும். அங்கிருந்து பழைய கலங்கரை விளக்கம்வரை ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், பாதிக்கு மேல் மணல். அம்மாவுக்கு இது கஷ்டம்.

பாறைக்காகம்:
லாந்துவினை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கடற்கரையில் உட்கார்ந்தாலே ஸ்னோடோனியா மலைகள் நேர் எதிரே தெரியும். அம்மா அங்கே இருக்கட்டும், நடக்க முடிந்தவர்கள் போய் வரலாம்.

அம்மாவைச் சோதிக்கும் இடம் சவுத் ஸ்டாக். 1809இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குச் சுமார் 400 படி. இறங்குவது சுலபம், ஏறுவதில்தான் முழங்கால் பேசும். பறவைக்கு அந்தப் படியே தேவையில்லை. மேலே எலின் டவர் என்ற கோபுரத்தின் பக்கம் நின்று பைனாகுலரில் பார்த்தால் பாறை விளிம்பெல்லாம் கில்லிமாட், ரேசர்பில் என்ற கடற்பறவைகள். பஃபின் சிலதான் இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். ஜூலை கடைசிக்குள் பாறை காலியாகிவிடும்.

போமாரிஸிலிருந்து பஃபின் தீவைச் சுற்றிப் படகு போகும், ஆனால் தீவில் இறக்கிவிட மாட்டார்கள். காற்று பலமானால் ரத்து. முதல் நாளுக்கே முன்பதிவு செய்யுங்கள், தவறினால் மறுநாள் இருக்கும். கோட்டை அம்மாவுக்குத் தோதானது. 1295இல் முதலாம் எட்வர்ட் தொடங்கி, பணம் தீர்ந்து பாதியில் நின்றது. உள்முற்றம் சமதளம், மதில் மேல் ஏற மட்டும் சுழற்படி.

தென்றல்:
கல்லறைக்கு?

ஏற்றவற்றம்:
பிரின் கெல்லி தீ. கட்டணமில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வயலோரமாகக் கொஞ்சம் நடக்க வேண்டும், மழைக்குப் பின் சேறு. உள்ளே போக டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21 வாக்கில் ஆண்டின் நீண்ட பகலன்று உதயசூரியன் நடைவழி வழியாக உள்ளறைவரை பாயும்படி கட்டியது. உங்கள் தேதிக்கு அது கிடைக்காது.

தண்டவாளம்:
ஆகக் கார் இரண்டு நாளுக்குப் போதும்: ஒரு நாள் சவுத் ஸ்டாக், மறுநாள் லாந்துவினும் கல்லறையும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சீக்கிரம் சொல்லி வையுங்கள். வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பெரும்பாலும் 20 மைல் வேகம்தான், கேமரா உண்டு. தீவுக்குப் போகும் பிரிட்டானியா பாலத்தில் ஒவ்வொரு திசைக்கும் ஒரே வழித்தடம் என்பதால் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் தேங்கும். அந்த நேரங்களில் காரோடு பாலம் ஏறாதபடி எடுக்கும் நாளையும் திருப்பும் நாளையும் வைத்துக்கொள்ளுங்கள்.