குளியலறைச் சுவரில் ஏறிய பாம்பு: கட்டுவிரியனா, விஷமில்லாததா?

மாடித்தோட்டம் செல்வி:

வணக்கம். திருப்போரூர் பக்கம் ஏரியை ஒட்டின ஒரு புது மனைப்பிரிவில் நான்கு மாதமாகக் குடியிருக்கிறோம். போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குப் பையனை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். லைட்டைப் போட்டால், வெண்டிலேட்டருக்குக் கீழே, டைல்ஸ் முடிந்து வெறும் சுவர் தொடங்குகிற இடத்தில் ஒரு பாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை அடி இருக்கும், சுண்டுவிரல் கனம். காபிப்பொடி நிறம், குறுக்கே வெள்ளை வரி. வாயில் ஒரு பல்லி. பல்லியின் வால் மட்டும் வெளியே துடித்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமியார் விளக்குமாற்றுக் கட்டையோடு ஓடி வந்தார். இரண்டே அடி. "கட்டுவிரியன்டி இது, கடிச்சா விடியறதுக்குள்ள ஆள் இருக்காது" என்றார். குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். பாதிப் பேர் கட்டுவிரியன் என்கிறார்கள், பாதிப் பேர் விஷமில்லாதது என்கிறார்கள். ஒருவர், ஜோடி பழிவாங்க வரும் என்று எழுதிவிட்டு ஒரு கும்பிடு பொம்மையும் போட்டிருந்தார். நேற்று ராத்திரி அதே மாதிரி இன்னொன்று செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போவதைப் பார்த்தோம். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அடித்த பாம்பின் படங்கள் மூன்றை இணைத்திருக்கிறேன். அது என்ன பாம்பு? பையனுக்கு நாலு வயது, தரையில்தான் விளையாடுவான். அப்புறம் இன்னொன்று: மாடியில் பூந்தொட்டி மாற்றும்போது மண்புழு மாதிரி கறுப்பாக, பளபளப்பாக ஒன்று நெளிந்தது. ஆனால் மண்புழுவுக்கு நாக்கு இருக்காதே? இதற்கு இருந்தது!

ஏரிக்கரை எலக்ட்ரீஷியன்:

செல்வி, படம் பார்த்தேன். நீங்கள் அடித்தது வெள்ளிக்கோல் வரையன். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். விஷம் இல்லை. முன்பக்கம் நாய்ப்பல் மாதிரி நீளமாகப் பல் இருப்பதால் அந்தப் பெயர். வழுவழு அரணையையும் பல்லியையும் நழுவவிடாமல் பிடிக்க அந்தப் பல். கையில் கடித்தால் ரத்தம் வரும், சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலைக்குப் பின்னால், கழுத்திலேயே, மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்று காலர் மாதிரி இருக்கிறது. வரிகள் அங்கிருந்து தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கிக் காணாமல் போகின்றன. கட்டுவிரியனில் இது தலைகீழ். தலையும் கழுத்தும் வெறும் கறுப்பு. வரி கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும், வாலுக்குப் போகப் போகத்தான் பளிச்சென்று ஆகும். பெரும்பாலும் மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக ஜோடி போட்டிருக்கும். நிறமும் காபி நிறம் இல்லை, நாவல்பழத்தை எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி ஒரு மினுங்கல். முதுகின் நடுவில் ஒரே வரிசையாக மற்றச் செதிலைவிடப் பெரிய, அறுகோணச் செதில்கள் ஓடும். இந்த இரண்டில் அது இருந்தால் கட்டுவிரியன்தான், வேறு பேச்சே இல்லை. உங்கள் படத்தில் முதுகுச் செதில் எல்லாம் ஒரே அளவு.

சுவர் ஏறியதும் ஒரு தடயம். சொரசொரப்பான சுவரில் வரையன் பல்லி மாதிரி ஏறும். டியூப் லைட் பட்டிக்குப் பின்னால், சுவிட்ச் பாக்ஸுக்குள், மெயின் போர்டு மேலே என்று நான் பிடித்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். வயரிங் வேலைக்குப் போய்த்தான் எனக்கு இந்தப் பாம்பு பிடிக்கிற பழக்கமே வந்தது.

இப்போது இதைப் படித்துவிட்டு "சரி, இனி நானே பார்த்துச் சொல்லிவிடுவேன்" என்று நினைக்காதீர்கள். பதினாலு வருஷமாக இதைச் செய்கிற நானே ஒரு தடவை ஏமாந்தேன். ஐப்பசி மழை, ஒரு வீட்டு அடுக்களையில் அரிசி மூட்டைக்கு இடுக்கில் பாம்பு. சட்டை உரிக்கப் போகிற சமயம் போலிருக்கிறது, உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்து, நிறமே தெரியவில்லை. தெரிந்தது கழுத்துப் பக்கம் ஒரு சாண்தான். அதில் இரண்டு வெள்ளை வரி. வரையன் என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் சொல்லிவிட்டு, பாம்பு பிடிக்கிற குழாயும் பையும் வண்டியிலேயே இருக்க, கையை நீட்டிவிட்டேன். மூட்டையை நகர்த்தினதும் வால் வெளியே வந்தது. ஜோடி ஜோடியாகக் கோடு. குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கத்திலும் வரி தெரியும். அது எனக்குத் தெரியும்தான், ஆனால் அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. அது என்னைக் கடிக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

ஜோடி, பழி எல்லாம் இல்லை. இரண்டாவது வந்ததும் முதலாவது வந்த அதே காரணத்துக்குத்தான்: உங்கள் பாத்ரூம் லைட்டுக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, பல்லிக்கு இது வருகிறது.

பூந்தொட்டியில் பார்த்தது புழுப்பாம்பு. ஒரு சாணுக்கு மேல் வளராது. கண் இரண்டும் தோலுக்கு அடியில் மங்கின புள்ளிதான். எறும்பு, கரையான் இவற்றின் முட்டையையும் புழுவையும் தின்னும். காதுக்குள் புகுந்துவிடும் என்பார்கள், அதெல்லாம் சும்மா. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வகையில் அத்தனையும் பெண். ஆணே கிடையாது. ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், தானே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். தொட்டி மண்ணோடு கப்பலேறி ஹவாய், ஃப்ளோரிடா, மெக்ஸிகோ, ஆஸ்திரேலியா வரைக்கும் போய்க் குடியேறிவிட்டது. மண்ணோடு மண்ணாகத் திருப்பிப் போட்டுவிடுங்கள், உங்கள் தொட்டியில் கரையான் குறையும்.

மாடித்தோட்டம் செல்வி:

ரொம்ப நன்றி அண்ணா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், காலர் இருக்கிறது. மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான் அடிக்கறப்ப அது காலரை எல்லாம் காட்டலையே" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தானே? ராத்திரி பத்தரை மணிக்குக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதில் எண்ண முடியுமா? விஷமில்லாதது என்றால் அப்படியே வீட்டில் விட்டுவிடச் சொல்கிறீர்களா?

ஏரிக்கரை எலக்ட்ரீஷியன்:

விடச் சொல்லவில்லை அம்மா. எண்ணவும் சொல்லவில்லை. கிட்டப் போகாதீர்கள் என்கிறேன். அடிக்கப் போகிறவரும் கிட்டத்தானே போகிறார்? விளக்குமாற்றுக் கட்டை எத்தனை அடி? அது கட்டுவிரியனாக இருந்திருந்தால் உங்கள் மாமியார் கால் அதன் வாய்க்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, கீழே இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டு, 101க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புக்காரர்கள் வருவார்கள். உங்கள் பக்கம் வனத்துறை அனுமதியோடு பிடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் நம்பரை இப்போதே வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஜூம் போட்டு எட்ட நின்று ஒரு படம், அது போதும்.

வீட்டில் செய்யவேண்டியது: பாத்ரூம் தண்ணீர் போகிற ஓட்டைக்குச் சல்லடை, வெண்டிலேட்டருக்குக் கொசுவலைக் கம்பி, செருப்பு ஸ்டாண்டை வாசலை விட்டு நகர்த்துவது. இதில் வெண்டிலேட்டர்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. பினாயில், பூண்டு, வெங்காயம் என்று காசைக் கரைக்காதீர்கள்.

கட்டுவிரியனுக்கு நான் பயப்படுவது அதன் கடி தெரியாது என்பதால்தான். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சில சமயம் பல் பட்ட தடம்கூடத் தேடினாலும் கிடைக்காது. விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். வீட்டில் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். அப்புறம் கண் இமை தூக்க முடியாமல் சொருகும், பேச்சு குழறும். மழைக்காலத்தில் தரையில் படுத்த ஆள் இப்படி எழுந்தால் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், மந்திரிக்கப் போக வேண்டாம், நேராக 108. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் இருக்கும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

கரிசல் சம்சாரி:

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த வரையனை அதிகம் பார்த்ததில்லை. எங்களுக்குச் சாரைதான். மக்காச்சோளம் போட்ட வருஷம் எலி எந்த அளவுக்கு வரும் என்று விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறடி ஏழடிச் சாரை ஒன்று வரப்பில் ஓடினால் எனக்கு நிம்மதி. ஆனால் ஊரில் நாகம் என்று அடித்துவிடுகிறார்கள். சாரைக்குப் படம் கிடையாது. கண் பெரிசு. உதட்டோரம் கறுப்பு நூலால் தையல் போட்ட மாதிரி கோடு கோடாக இருக்கும். மடக்கினால் 'குர்ர்' என்று ஒரு உறுமல் உறுமும், அதைக் கேட்டு ஓடினவர்களில் நானும் ஒருவன்.

சின்ன வயதில் ஒரு நாள், கிணற்று மேட்டில் இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பி ஆடின. சாரையும் நாகமும் பிணைகின்றன, மேலே வெள்ளைத் துணி போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று எங்கள் அப்பத்தா தாத்தாவின் வேட்டியை உருவிக்கொண்டு ஓடினார். தாத்தா கோவணத்தோடு நின்றார். வேட்டி கிழிந்து வந்ததுதான் மிச்சம். ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்: அது இரண்டும் சாரை, இரண்டும் ஆண். பெட்டைக்காக மல்லுக்கட்டி ஒன்றை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கின்றன. கடித்துக்கொள்வதுகூட இல்லை.

கொம்பேறி மூக்கன் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கடித்துவிட்டு மரத்து உச்சியில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். அதற்கும் விஷம் கிடையாது. ஓணானையும் தவளையையும் தேடித்தான் கொம்பு ஏறுகிறது.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஒரு வார்த்தை: மண்ணுளியையும் சொல்லியிருக்கலாம். தடித்த, குட்டையான, முதுகில் திட்டுத்திட்டாக இருக்கிற மண்ணுளி ஒன்று உண்டு. அதைக் கண்ணாடி விரியன் என்று அடிப்பார்கள், அது போகட்டும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் தூக்குகிறவர்களும் இருக்கிறார்களே, அதுதான் பயம்.

ஏரிக்கரை எலக்ட்ரீஷியன்:

உண்மை ஐயா. விட்டுவிட்டேன். திட்டுகள் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக, வட்டவட்டமாக இருந்து, பிரஷர் குக்கர் மாதிரி சீறினால் அது கண்ணாடி விரியன். மண்ணுளிக்குத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், வால் சட்டென்று கட்டையாக முடியும், சீறுவதும் அபூர்வம். எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிற பாம்பைத்தான் எடுக்கவே கூடாது.

டெக்ஸாஸ் வாசி:

ஆஸ்டினில் இருக்கிறேன். இங்கேயும் இதே கூத்துதான். போன வருஷம் கராஜுக்கு வெளியே காய்ந்த இலைக் குவியலில் 'கிர்ர்ர்' என்று சத்தம். கிலுகிலுப்பைப் பாம்பு என்று பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். பார்த்தால் விஷமில்லாத எலிப்பாம்பு, உங்கள் சாரை போல. வாலை அதிவேகமாக இலையில் ஆட்டிப் பயமுறுத்துகிறது. கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனியில் கணுக்கணுவாகக் கிலுக்கு இருக்கும், இதற்கு வெறும் கூர் வால். அதை அவருக்குக் காட்டுவதற்குள் அது வேலியைத் தாண்டிவிட்டது.

இங்கே பவளப்பாம்புக்கு ஒரு பாட்டே இருக்கிறது. உடம்பில் சிவப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும் ஒட்டியிருந்தால் விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தால் விஷமில்லை என்று பள்ளிப் பிள்ளைகள் பாடும். ஆனால் தென் அமெரிக்கா போய் அதை நம்பினால் தொலைந்தோம், அங்கே பவளப்பாம்புகளில் பலவற்றுக்கு வரிசையே வேறு. காலர் அடையாளத்தை எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டு உடனே எச்சரித்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஷமில்லாத பாம்பு என்றால் சாது என்று அர்த்தமில்லை. ஃப்ளோரிடாவில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் காட்டில் பெருகி, முயலையும் ரக்கூனையும் துடைத்துவிட்டன. 2017இல் அதைப் பிடிக்க நம் ஊர் இருளர் இருவரை வரவழைத்தார்கள், மாசி சடையனும் வடிவேல் கோபாலும். வந்து இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செல்வி, அவர்கள் செங்கல்பட்டு மாவட்டக்காரர்கள், உங்கள் அக்கம்பக்கம்தான்.

மாடித்தோட்டம் செல்வி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வெண்டிலேட்டருக்குக் கம்பிவலை, தண்ணீர் ஓட்டைக்குச் சல்லடை, இரண்டும் போட்டாகிவிட்டது. ஆசாரி கூலியோடு 650 ரூபாய். 101 ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினபோது ஒரு உரித்த சட்டை கிடைத்தது. முதுகுச் செதில் எல்லாம் ஒரே அளவு. மாமியார்தான் முதலில் சொன்னார்.

பாம்பு திரும்ப வரவில்லை. பாத்ரூமில் இப்போது பல்லி ஏழு.